ஜூலை மாதத்திலும் "ஈஎஸ்டி" என்று எழுதுகிறார்கள், எந்த நேரத்தை எடுப்பது? டென்வரும் ஃபீனிக்ஸும் ஒரே மண்டலம்தானே?

கூடல்நகர் பில்லிங் (கேள்வி)

வணக்கம். மதுரையில் மெடிக்கல் பில்லிங் டீமுக்கு ஷிப்ட் அட்டவணை போட வேண்டும். கிளையன்ட்கள் நியூயார்க், டென்வர், ஃபீனிக்ஸ் என்று மூன்று ஊரில் இருக்கிறார்கள். சந்தேகங்கள் இவை.

நியூயார்க்காரர்கள் வருஷம் முழுக்க "காலை 9 மணி ஈஎஸ்டி" என்றேதான் மெயில் போடுகிறார்கள். ஈஎஸ்டிக்கும் (ஈஸ்டர்ன் ஸ்டாண்டர்டு டைம்) நமக்கும் பத்தரை மணி நேரம் வித்தியாசம் என்றால் ஜூலையிலும் நமக்கு இரவு 7.30 வர வேண்டும். ஆனால் அழைப்பு 6.30க்கே தொடங்கிவிடுகிறது. எது தப்பு, மெயிலா கணக்கா?

டென்வர், ஃபீனிக்ஸ் இரண்டும் மவுண்டன் மண்டலம் என்றுதான் வரைபடத்தில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் காலை 8 மணிக்கு வேலை தொடங்குகிறது. டிசம்பரில் ஒன்றாக வந்த நேரம் இப்போது ஒரு மணி தள்ளி நிற்கிறது. ஒரே மண்டலத்துக்குள் எப்படி இது?

கடைசியாக, 2026 நவம்பரில் நேரம் மாறும் நாள் எது, நம் கடிகாரத்தில் எத்தனை மணிக்கு? கேப் வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

நாகமலை

மண்டலம் என்பது ஓர் இடப்பரப்பு. நியூயார்க் இருப்பது ஈஸ்டர்ன் மண்டலம், அது என்றைக்கும் மாறாது. ஈஎஸ்டி, ஈடிடி என்பவை அந்த ஒரே மண்டலத்தின் கடிகாரம் வருஷத்தில் மாறி மாறி எடுக்கும் இரண்டு நிலைகள். நவம்பர் முதல் மார்ச் வரை ஸ்டாண்டர்டு நேரம், அதாவது ஈஎஸ்டி, யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) 5 மணி நேரம் பின்னால். மார்ச் முதல் நவம்பர் வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கும் டேலைட் நேரம், அதாவது ஈடிடி, யுடிசிக்கு 4 மணி நேரம் பின்னால். நாம் யுடிசிக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம், அசைவதே இல்லை. ஆகவே நமக்கும் நியூயார்க்குக்கும் குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை.

எழுத்துப்படி பார்த்தால் ஜூலையில் "9 மணி ஈஎஸ்டி" என்பது நியூயார்க் சுவர்க்கடிகாரத்தில் 10 மணி, நமக்கு இரவு 7.30. ஆனால் எழுதுகிறவர் அப்படி நினைத்து எழுதுவதில்லை. தன் சுவரில் 9 அடிக்கும் நேரத்தைத்தான் சொல்கிறார். ஈஎஸ்டி என்பது அவர்கள் வாயில் "எங்க ஊர் நேரம்" என்கிற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. எனவே கணக்கும் சரி, கிளையன்ட்டின் நோக்கமும் சரி, மூன்றெழுத்துதான் தப்பு. ஜூலையில் 6.30 என்றே எடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பனாமா, ஜமைக்கா, மெக்சிகோவின் கான்கூன் பகுதி ஆகிய இடங்களில் வருஷம் முழுக்க ஈஎஸ்டிதான், டேலைட் நேரம் கிடையாது. அங்கிருந்து ஒருவர் ஜூலையில் ஈஎஸ்டி என்று எழுதினால் அவர் எழுதியது எழுத்துக்கு எழுத்து உண்மை. அதனால் மெயில் வந்த ஊரைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

பதில் அனுப்பும்போது ஊர்ப் பெயரும் நம் நேரமும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது: "நியூயார்க் நேரம் காலை 9, இந்திய நேரம் மாலை 6.30, ஜூலை 14 செவ்வாய்." சுருக்கெழுத்தே வேண்டும் என்றால் நடு எழுத்தை விட்டுவிட்டு ஈடி என்று போடலாம். அது இரண்டு பருவத்துக்கும் பொது. (சோதனைக்கு வருகிற ஈடி இல்லை, பயப்பட வேண்டாம்.) "ஐஎஸ்டி" என்று மட்டும் எழுதுவதும் அவ்வளவு பத்திரமில்லை. அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் அதே மூன்றெழுத்து உண்டு. சிஎஸ்டி என்றால் சிகாகோவும் ஆகலாம், சீனாவும் ஆகலாம்.

விளக்குத்தூண்

டென்வர், ஃபீனிக்ஸ் விஷயம் நான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1966ல் வந்த யூனிஃபார்ம் டைம் சட்டம்தான் அடிப்படை. டேலைட் நேரம் வைக்கிற மாநிலம் எல்லாம் ஒரே தேதியில் தொடங்கி ஒரே தேதியில் முடிக்க வேண்டும். வேண்டாம் என்கிற மாநிலம் வருஷம் முழுக்க ஸ்டாண்டர்டு நேரத்திலேயே இருந்துகொள்ளலாம். தலைகீழாக, வருஷம் முழுக்க டேலைட் நேரத்தில் இருக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. அதற்கு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். 2022 மார்ச்சில் செனட் அப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றியது, கீழவையில் அது நகரவில்லை. "அமெரிக்காவில் டேலைட் சேவிங்கை எடுத்துவிட்டார்களாமே" என்று வருஷா வருஷம் வாட்ஸ்அப்பில் சுற்றுவது அதன் மிச்சம்.

அரிசோனா 1967ல் ஒரு வருஷம் வைத்துப் பார்த்து, 1968ல் விலகிக்கொண்டது. பாலைவன வெயில். மாலையில் இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம் கிடைத்தால் ஏசிக்கு இன்னும் ஒரு மணி நேரம் கரண்ட் போகும். அக்னி நட்சத்திரத்தில் சாயங்கால வெயிலை ஒரு மணி நேரம் நீட்டித் தரட்டுமா என்று மதுரையில் கேட்டால் என்ன சொல்வோமோ அதைத்தான் அவர்களும் சொன்னார்கள். ஹவாயும் இப்படி விலகிய மாநிலம்தான்.

ஆக ஃபீனிக்ஸ் என்றைக்கும் எம்எஸ்டி (மவுண்டன் ஸ்டாண்டர்டு நேரம்), யுடிசிக்கு 7 மணி பின்னால், நமக்குப் பன்னிரண்டரை வித்தியாசம். டென்வர் குளிர்காலத்தில் எம்எஸ்டி, அதே பன்னிரண்டரை. கோடையில் எம்டிடி (மவுண்டன் டேலைட் நேரம்), பதினொன்றரை. காலை 8 மணி வேலை என்றால் ஃபீனிக்ஸ் நமக்கு எப்போதும் இரவு 8.30. டென்வர் டிசம்பரில் 8.30, ஜூலையில் 7.30. இன்னொரு பக்கமும் பாருங்கள், கோடையில் ஃபீனிக்ஸ் கடிகாரமும் லாஸ் ஏஞ்சல்ஸ் கடிகாரமும் ஒன்றாகிவிடும், ஏனென்றால் பிடிடியும் (பசிபிக் டேலைட் நேரம்) யுடிசிக்கு 7 மணி பின்னால்தான். "ஃபீனிக்ஸ் கோடையில் பசிபிக் மண்டலத்துக்குப் போய்விடுகிறது" என்று சிலர் சொல்வார்கள். அது எங்கேயும் போவதில்லை, லாஸ் ஏஞ்சல்ஸ்தான் முன்னால் வந்து பக்கத்தில் நிற்கிறது.

அரிசோனாவுக்குள்ளும் ஒரு சிக்கல். வடகிழக்கில் நவஹோ பழங்குடியினரின் ஆட்சிப்பகுதி டேலைட் நேரம் வைக்கிறது. அதன் நடுவே தீவு மாதிரி இருக்கும் ஹோபி பகுதி வைப்பதில்லை. உங்கள் கிளையன்ட்டின் கிளினிக் ஏதாவது நவஹோ பகுதியில் இருந்தால், மாநிலம் அரிசோனா என்பதை வைத்து நேரம் போடக்கூடாது. ஊரைக் கேளுங்கள்.

கணினியில் நேரம் அமைக்கும்போது பெரும்பாலான தப்பு இங்கேதான். விண்டோஸ் பட்டியலில் யுடிசி மைனஸ் 7 என்று "அரிசோனா" தனியாகவும் "மவுண்டன் டைம்" தனியாகவும் இருக்கும். மைனஸ் 5 வரிசையில் "ஈஸ்டர்ன் டைம்" இருக்கும், பொகோட்டா, லிமா இருக்கும் வரியும் இருக்கும். மைனஸ் 6ல் "சென்ட்ரல் டைம்" வேறு, "சஸ்கட்சவான்" வேறு, மெக்சிகோ சிட்டி வேறு. எண் ஒன்றுதான் என்று கை போன இடத்தில் தேர்ந்தெடுத்தால் நவம்பரில் தெரியாது, மார்ச்சில் தெரியும். அந்த எண் ஸ்டாண்டர்டு நேரத்தின் எண் மட்டுமே. ஜூலையிலும் ஈஸ்டர்ன் டைம் எதிரே மைனஸ் 5 என்றே காட்டும், அதைப் பார்த்து மிரள வேண்டாம். விண்டோஸ் உள்ளுக்குள் அந்த மண்டலத்துக்கு வைத்திருக்கும் பெயரே "ஈஸ்டர்ன் ஸ்டாண்டர்டு டைம்"தான், கோடையிலும். கிளையன்ட்கள் ஈஎஸ்டி ஈஎஸ்டி என்று எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நாகமலை

தேதிக் கேள்வி விட்டுப்போனது. விதி 2007லிருந்து இதுதான்: மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு முள்ளை 3க்குத் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு 1க்கு இழுப்பார்கள். அதற்கு முன்பு ஏப்ரல் முதல் ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. பழைய ஃபைல்களைத் திருப்பிப் பார்க்கும்போது மட்டும் அது தேவைப்படும்.

2026ல் நவம்பர் 1 ஞாயிறு. நியூயார்க் மாறுவது நம் நேரம் காலை 11.30. டென்வர் மாறுவது பிற்பகல் 1.30. ஃபீனிக்ஸ் மாறாது. ஒவ்வொரு மண்டலமும் தன் தன் அதிகாலை 2 மணிக்குத்தான் மாற்றும், நாடு முழுக்க ஒரே நொடியில் இல்லை. அதனால் அந்த ஞாயிறு கிழக்கு மாறி சிகாகோ மாறாத ஒரு மணி நேரத்துக்கு நியூயார்க்கும் சிகாகோவும் ஒரே மணி காட்டும். அடுத்தது 2027 மார்ச் 14, நியூயார்க்குக்கு நம் நேரம் பகல் 12.30, டென்வருக்கு 2.30. அன்றைக்கு ஒரு மணி நேரம் நியூயார்க்கும் சிகாகோவும் இரண்டு மணி விலகி நிற்கும்.

கேப் கணக்கு: அக்டோபர் 30 வெள்ளி வரை நியூயார்க் ஷிப்ட் மாலை 6.30 தொடக்கம். நவம்பர் 2 திங்களிலிருந்து 7.30. ஒன்பது மணி நேர ஷிப்ட் என்றால் முடிவது அதிகாலை 3.30லிருந்து 4.30க்குப் போகும். இலந்தைகுளம், வடபழஞ்சி பக்கம் வண்டி வைக்கிறவர்களுக்குப் போகிற நேரத்தை மட்டும் சொல்லிவிட்டு, திரும்புகிற நேரத்தைச் சொல்ல மறப்பதுதான் வழக்கம். இரண்டையும் எழுதிக் கொடுங்கள். ஃபீனிக்ஸ் டீம் அதே வண்டியில் வந்தால் அவர்களுக்கு மாற்றமில்லை, பாதையைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

ஞாபகம் வைக்க நம் மாதக் கணக்கே போதும். மார்ச் இரண்டாம் ஞாயிறு 8க்கும் 14க்கும் நடுவில்தான் வரும், அதாவது மாசிக் கடைசி. நவம்பர் முதல் ஞாயிறு 1 முதல் 7க்குள், ஐப்பசிப் பாதி தாண்டி. மாசிக் கடைசியில் நம் ஷிப்ட் ஒரு மணி முன்னே வரும், ஐப்பசியில் ஒரு மணி பின்னே போகும்.

எக்செல்லில் தேதி கண்டுபிடிக்க: அந்த வருஷத்து மார்ச் 14ஐ டேட் ஃபங்ஷனில் எடுத்து, அதன் வீக்டே எண்ணைக் கழித்து, 1 கூட்டினால் இரண்டாம் ஞாயிறு வரும். நவம்பர் 7க்கும் அதே கணக்கு. வீக்டேயை ஞாயிறு 1 என்று எண்ணும் இயல்பு நிலையிலேயே விடுங்கள். பத்தரையை நிலையாகக் கூட்டும் ஷீட் ஏதாவது டீமில் ஓடிக்கொண்டிருந்தால் அதை இன்றைக்கே தேடிப் பிடித்து மாற்றுங்கள். எக்செல்லுக்கு நேர மண்டலம் என்ற ஒன்றே தெரியாது, நாம் சொல்வதுதான்.

கூடல்நகர் பில்லிங்

ரொம்ப நன்றி சார். தெளிவாகிவிட்டது. இன்னும் ஒன்று: வாராந்திர மீட்டிங்கை நாங்கள் இங்கிருந்து கூகுள் காலண்டரில் போட்டிருக்கிறோம். நவம்பரில் அது தானாக நகருமா? சனி, ஞாயிறு நைட் டியூட்டி டீமும் ஒன்று இருக்கிறது, அவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் எப்படிக் கணக்கு?

தெப்பக்குளம் நெட்

நகராது. தொடர் மீட்டிங் எந்த மண்டலத்தில் உருவாக்கப்பட்டதோ அந்த மண்டலத்தின் சுவர்க்கடிகாரத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். நீங்கள் கொல்கத்தா மண்டலத்தில் மாலை 6.30 என்று போட்டிருந்தால் நவம்பர் 2க்குப் பிறகும் நமக்கு 6.30தான். நியூயார்க்காரருக்குக் காலை 8 மணியாகிவிடும். 8 மணிக்கு அவர் காரில் இருப்பார்.

செய்ய வேண்டியது: நிகழ்வைத் திருத்தும் பக்கத்தைத் திறந்து, நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் "டைம் ஸோன்" என்பதை அழுத்தி, "ஈஸ்டர்ன் டைம், நியூயார்க்" தேர்ந்தெடுங்கள். நேரத்தைக் காலை 9 என்று மாற்றுங்கள். சேமிக்கும்போது "இதுவும் இனி வருபவையும்" என்பதைக் கொடுங்கள், இல்லையென்றால் ஒரு வாரத்துக்கு மட்டும் மாறும். பிறகு நவம்பர் 2 வாரத்துக்குப் புரட்டி, 7.30க்கு நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். காலண்டர் செட்டிங்ஸில் இரண்டாவது நேர மண்டலம் காட்டும் வசதி இருக்கிறது. நியூயார்க்கைப் போட்டு வைத்தால் இடது ஓரத்தில் இரண்டு மணியும் சேர்ந்தே தெரியும்.

ஃபீனிக்ஸ் கிளையன்ட்டுக்குத் தனியாக ஃபீனிக்ஸ் மண்டலத்தையே கொடுங்கள், டென்வரைக் கொடுக்காதீர்கள். சில மென்பொருள்களில் பட்டியலில் "ஈஎஸ்டி" என்றே ஒரு பெயர் தனியாகக் கிடக்கும். அது எப்போதும் மைனஸ் 5லேயே உறைந்து நிற்கும், கோடையில் நகராது. ஊர்ப் பெயர் உள்ளதையே எடுங்கள். அந்த ஊருக்கான பழைய விதி, புதிய விதி எல்லாம் அந்தப் பெயரோடுதான் சேர்ந்து வரும். மெக்சிகோ 2022 அக்டோபரில் எல்லையோர ஊர்கள் தவிர மற்ற இடங்களில் டேலைட் நேரத்தை ஒழித்தது. அப்டேட் போடாத சர்வர்கள் 2023 வசந்தத்தில் இல்லாத ஒரு மணி நேரத்தைக் கூட்டின.

சர்வரில் தானாக ஓடும் வேலைகள் இருந்தால், நியூயார்க் நேரம் அதிகாலை 1 மணியிலிருந்து 3 மணி வரை எதையும் வைக்காதீர்கள். மார்ச் மாற்ற நாளில் 2.30 என்ற மணியே கிடையாது. நவம்பரில் 1.30 இரண்டு தடவை வரும். சில ஷெட்யூலர் விட்டுப்போனதைப் பிறகு ஓட்டும், சிலது ஓட்டாது, சிலது இரண்டு முறை ஓட்டும். கிளெய்ம் ஃபைல் இரண்டு முறை போனால் டூப்ளிகேட் என்று திரும்பி வரும். ஃபைல் பெயரில் மணி, நிமிடம் சேர்த்திருந்தால் இரண்டாவது 1.30 முதலாவதை அழித்துவிடும். நடந்து முடிந்ததை யுடிசியில் சேமியுங்கள். இனி நடக்கப்போவதை உள்ளூர் நேரம், ஊர்ப் பெயர் இரண்டும் சேர்த்துச் சேமியுங்கள். எல்லாவற்றையும் யுடிசியில் போடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள், நடுவில் விதி மாறினால் எதிர்கால அப்பாயின்ட்மென்ட் எல்லாம் ஒரு மணி தள்ளிப்போகும்.

அனுப்பானடி கோடர்

வார இறுதி டீமுக்கு நான் சொல்கிறேன் தம்பி. நியூயார்க் சனி இரவு 11 முதல் ஞாயிறு காலை 7 வரை டியூட்டி என்று வையுங்கள். நவம்பர் 1ல் அது நமக்குக் காலை 8.30க்குத் தொடங்கி மாலை 5.30க்கு முடியும், ஒன்பது மணி நேரம். மார்ச் 14ல் காலை 9.30க்குத் தொடங்கி 4.30க்கு முடியும், ஏழு மணி நேரம். சம்பளக் கணக்கு நம் ஊர் பஞ்சிங் மெஷினில் இருந்து வந்தால் பிரச்சினை இல்லை. கிளையன்ட் போர்ட்டலில் இருந்து வந்தால் இரண்டு நாளும் எட்டு என்றே காட்டும். நவம்பரில் ஆளுக்கு ஒரு மணி நேரம் போய்விடும்.

இதைவிடப் பெரிய விஷயம், பில்லிங் டீம் என்பதால் சொல்கிறேன்: அனஸ்தீசியா (மயக்க மருந்து). அதற்குப் பில்லில் 15 நிமிடத்துக்கு ஒரு யூனிட். நவம்பர் மாற்ற இரவில் 12.50க்குத் தொடங்கி, முள் பின்னே வந்த பிறகு 1.20க்கு முடிந்த கேஸ் என்றால் உண்மையில் 90 நிமிடம், 6 யூனிட். மென்பொருள் கழித்தால் 30 நிமிடம், 2 யூனிட். மார்ச்சில் 1.30க்குத் தொடங்கி 3.30க்கு முடிந்தது என்றால் உண்மையில் 60 நிமிடம், 4 யூனிட். மென்பொருள் 8 யூனிட் போடும், அதிகமாகப் பில் போட்டதாக ஆடிட்டில் நிற்கும். நவம்பரில் 1.40க்குத் தொடங்கி இரண்டாவது 1.20க்கு முடிந்தால் உண்மை 40 நிமிடம். மெஷின் மைனஸ் 20 காட்டும், அல்லது 23 மணி 40 நிமிடம் என்று உளறும். மைனஸ் வந்தால் எடிட்டில் (பில் போகும் முன் மென்பொருள் செய்யும் தப்புச் சோதனை) சிக்கிவிடும். நடுவில் இருக்கும் 30, 120 மாதிரி பார்வைக்குச் சரியாகத் தெரிகிற எண்கள்தான் சத்தமில்லாமல் போய்விடும்.

ஐவி இன்ஃப்யூஷன், அப்சர்வேஷன் மணிக்கணக்கு இவற்றுக்கும் இதே கதை. சில மருத்துவமனைகளில் அந்த ஒரு மணி நேரத்தைக் காகிதத்தில் எழுதிப் பிறகு ஏற்றுவார்கள், அப்போது எந்த 1.20 என்று சார்ட்டில் குறித்திருப்பார்களா என்று பாருங்கள். குறிப்பு இல்லையென்றால் ஊகிக்காமல் மருத்துவமனைக்கு க்வெரி போடுங்கள். அந்த இரண்டு ஞாயிறுகளின் அதிகாலை 12 முதல் 4 வரையிலான நேரக்கணக்கு கேஸ்களை மட்டும் ஃபில்டர் செய்து கையால் சரிபார்த்தால் போதும், பத்துக்கு மேல் வராது. ஃபீனிக்ஸ் ஃபைலுக்கு இந்த வேலை இல்லை. ஆனால் அந்தக் கிளையன்ட்டின் சாஃப்ட்வேர் வேறு மாநிலத்துச் சர்வரில் ஓடினால் உண்டு.

வைகை வடகரை

லண்டன் ஆள் யாராவது அதே மீட்டிங்கில் இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு மாற்றுகின்றன, எல்லா நாடும் ஒரே நொடியில், யுடிசி 1 மணிக்கு. நமக்குக் காலை 6.30. 2026ல் அக்டோபர் 25. அமெரிக்கா நவம்பர் 1. நடுவில் ஒரு வாரம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமான ஐந்து மணிக்குப் பதில் நான்கு மணிதான். மார்ச்சில் இந்த இடைவெளி இரண்டு, மூன்று வாரம் நீளும். லண்டன் நமக்குக் குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை.

ஆஸ்திரேலியா தலைகீழ். சிட்னி அக்டோபர் முதல் ஞாயிறு முள்ளை முன்னே தள்ளும், ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே இழுக்கும். பிரிஸ்பேன் அதே கிழக்கு மண்டலம், ஆனால் தள்ளுவதே இல்லை. டென்வர், ஃபீனிக்ஸ் ஜோடி மாதிரியே இன்னொரு ஜோடி. துபாய், சிங்கப்பூர்க்காரர்களோடு வேலை என்றால் தலைவலியே கிடையாது: ஒன்றரை பின்னே, இரண்டரை முன்னே, வருஷம் முழுக்க.

திருநகர்வாசி

பில்லிங் எல்லாம் எனக்குத் தெரியாது. பிள்ளைகள் டல்லாஸில். மதுரைப் பஞ்சாங்கத்தைப் பார்த்து அங்கே ராகுகாலம் சொல்லும்போது இந்த டேலைட் நேரத்துக்கு ஒரு மணி கூட்ட வேண்டுமா? விசேஷ நாளில் போன் செய்யும்போதும் பதினொன்றரையா பத்தரையா என்று ஒவ்வொரு தடவையும் குழப்பம்.

நாகமலை

ஐயா, திங்கள் 7.30 முதல் 9 என்கிற பட்டியல் காலை 6க்கு உதயம், மாலை 6க்கு அஸ்தமனம் என்று வைத்துப் போட்டது. மதுரையில் ஜூனில் பகல் டிசம்பரைவிடச் சுமார் 1 மணி 10 நிமிடம்தான் அதிகம், அதனால் பட்டியலை அப்படியே வைத்தாலும் பெரிதாகப் பிசகாது. டல்லாஸில் அப்படி இல்லை. சும்மா ஒரு மணி கூட்டினாலும் சரியாக வராது.

அந்த ஊர்க் கடிகாரம் காட்டும் உதயம், அஸ்தமனம் இரண்டையும் எடுத்துப் பகலை எட்டாகப் பிரியுங்கள். திங்களுக்கு இரண்டாவது பங்கு. ஜூனில் உதயம் 6.20, அஸ்தமனம் இரவு 8.40 என்று வையுங்கள். பகல் 860 நிமிடம், ஒரு பங்கு 107 நிமிடம் சொச்சம். இரண்டாவது பங்கு 8.07க்குத் தொடங்கி 9.55க்கு முடியும். உதயத்தையே டேலைட் நேரத்தில் எடுத்துவிட்டதால் மறுபடி ஒரு மணி கூட்டக்கூடாது. இங்கேதான் இரட்டைக் கூட்டல் நடக்கும். திதி, நட்சத்திரம் முடிகிற நேரம் வேறு சங்கதி. அவை உலகம் முழுக்க ஒரே கணம். பஞ்சாங்கத்தில் போட்ட மணியில் இருந்து பத்தரையோ பதினொன்றரையோ கழித்துவிட்டால் போதும்.

போனுக்கு: பொங்கல் எப்போதும் ஸ்டாண்டர்டு நேரத்தில் வரும், பதினொன்றரை கழியுங்கள். சித்திரைத் திருவிழா எப்போதும் டேலைட் நேரத்தில் வரும், பத்தரை. திருக்கல்யாணம் காலை 8.35 என்றால் டல்லாஸில் முந்தின நாள் இரவு 10.05, நியூயார்க்கில் 11.05. நேரலை பார்க்கிறவர்கள் முதல் நாளே உட்கார வேண்டும். தீபாவளிதான் இரண்டு பக்கமும் விழும். 2025ல் அக்டோபர் 20, அது டேலைட் நேரம். 2026ல் நவம்பர் 8, நேரம் மாறி ஒரு வாரம் கழித்து. அன்றைக்கு இங்கே அதிகாலை 5 மணி என்றால் அங்கே 7ஆம் தேதி மாலை 5.30.

கூடல்நகர் பில்லிங்

இந்தியாவில் ஏன் இது இல்லை என்று டீமில் ஒருவர் கேட்கிறார். சுருக்கமாக?

வைகை வடகரை

இருந்தது. போர்க்காலத்தில் 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை கடிகாரம் யுடிசிக்கு ஆறரை மணி முன்னால் ஓடியது. போர் முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். நியூயார்க்கில் ஜூன் பகல் 15 மணி நேரம், டிசம்பர் பகல் ஒன்பதே கால். கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் விளையாட இருக்கிறது, அதில் ஒன்றை மாலைக்கு நகர்த்துகிறார்கள். நமக்கு ஒரு மணி சொச்சம்தான், நகர்த்த என்ன இருக்கிறது? இந்திய நேரம் கிழக்கு 82.5 பாகையை வைத்துப் போட்டது, மதுரை இருப்பது 78.1 பாகையில். சராசரியாக இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12.17க்கு. அசாமில் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். அங்கே தேயிலைத் தோட்டங்களில் ஒரு மணி முந்திய "தோட்ட நேரம்" என்று தனியாகவே வைத்துக்கொள்கிறார்கள்.

அனுப்பானடி கோடர்

அது இருக்கட்டும் தம்பி, சார்ட் அட்டவணைக்கு வாங்க. டென்வர் கிளையன்ட்டுக்கும் அந்த அனஸ்தீசியா ஃபில்டரைப் போடும்போது நியூயார்க் மணியை வைத்துத் தேடாதீர்கள். அவர்கள் சார்ட்டில் இருப்பது டென்வர் அதிகாலை 2 மணி. நியூயார்க் மணியில் இயங்கும் போர்ட்டலாக இருந்தால் அந்த மாற்ற நொடி நவம்பரில் 3, மார்ச்சில் 5 என்று விழும். முதலில் ஒரு கேஸை எடுத்து சார்ட் மணியும் போர்ட்டல் மணியும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு ஃபில்டரைப் போடுங்கள்.